ஆன்டெனா திரும்பிய பக்கம்

அத்தியாயம் ஒன்பது

மாப்பிள்ளை சூர்யநாராயணன் புனேயிலிருந்து போன் செய்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். ஆபீஸ் வேலையாகச் சென்னை வருகிறானாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செம்பாக்கத்துக்கு வந்து மாமனார், மாமியாரைப் பார்த்துவிட்டுப் போவானாம். அவன் மனைவி ரோஹிணிக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

மாமனார் தோத்தாத்ரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவி கூட இல்லாமலும் மாமனார் வீட்டைத் தேடி வருகிற மாப்பிள்ளை இந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி சாவித்ரிக்குத்தான் நெஞ்சில் ஏதோ நெருடியது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண், தான் பிறந்த ஊருக்குப் புருஷன் கிளம்புகிறான் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடிவர மாட்டாளோ? தினமும் வீடியோவில் வருகிறாள், சிரிக்கிறாள். ஆனால் ஒரு வாரமாக முதுகுக்குப் பின்னால் அதே வெள்ளைச் சுவர். புது வீட்டுச் சமையலறையைக் காட்டு என்றால் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிடுகிறாள்.

அது போதாதென்று நேற்று ஒன்று நடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது தெருவில் பழைய இரும்புக்காரனின் ஒலிபெருக்கி போயிற்று. அது போன கையோடு அதே குரல் ரோஹிணியின் பக்கத்திலிருந்தும் கேட்டது. நம் வீட்டுச் சத்தம்தான் போய்த் திரும்பி வருகிறது என்று சாவித்ரி சமாதானம் செய்துகொண்டாள். ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை.

தோத்தாத்ரிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவருக்கு வேறு வேலை இருந்தது.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரில் ரோஹிணியைக் கூப்பிட வேண்டும். மாப்பிள்ளை இங்கே, பெண் அங்கே, பெரிய திரையில் எல்லோரும் ஒன்றாகப் பேச வேண்டும். அதற்கு இன்டர்நெட் திக்காமல் வர வேண்டும். அதுதான் அவர் வீட்டில் நடக்காத காரியம்.

ஏன் நடக்காது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ரவுட்டர் இருப்பது கீழே ஹாலில், இரும்பு பீரோவுக்குள். மின்னல் அடித்தால் எரிந்துவிடும், அக்கம்பக்கத்தார் ஓசியில் படம் பார்ப்பார்கள், அதிலிருந்து வரும் கதிர் உடம்புக்கு ஆகாது என்று மனுஷன் மூன்று காரணம் வைத்திருந்தார். பீரோவின் முதுகில் துளை போட்டு ஒயரை உள்ளே விட்டு, கூறைப்புடவைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவில் அதை உட்கார வைத்துப் பூட்டியிருந்தார். அது உள்ளே பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் தவித்தது. மாடிக் கம்ப்யூட்டரில் ரோஹிணியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

"அதை வெளியில எடுத்து வெச்சா சரியாயிடும்னா," என்று சாவித்ரி பல தடவை சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரடங்கு சமயத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் செல்போனிலேயே கட்டி மேய்த்தவள். அவளுக்குத் தெரியாதா?

"பிரச்சினை அனுப்பற இடத்துல இல்லடி, வாங்கற இடத்துல," என்பார் தோத்தாத்ரி. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைல் நகராததற்கு மேஜைக்கு எதிரில் நிற்பவர்தான் காரணம் என்று கடைசி நாள் வரை நம்பியவர்.

வாங்குகிற இடத்தைச் சரிசெய்ய முதலில் ஆன்லைனில் நகம் அளவில் ஒன்றை வரவழைத்தார். சொருகிப் பார்த்தால் அது ப்ளூடூத். வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் நின்றார்கள். மாப்பிள்ளைக்கு டிபன் செய்ய வேண்டும் என்று சாவித்ரி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள்.

"இன்னா சார் வேணும்?" என்றான் கடைக்காரன் சிவகுமார்.

"வைஃபை அடாப்டர். நல்லா இழுக்கணும்."

சிவகுமார் மூன்று டப்பாவை எடுத்துப் போட்டான். ஒன்று பொட்டுக்கடலை அளவு. ஒன்றுக்கு முயல் காது மாதிரி இரண்டு கொம்பு. மூன்றாவதில் தனி ஒயரும், அதன் நுனியில் தோசைக்கல் அளவுக்கு வெள்ளைப் பலகையும் இருந்தன.

"இது இன்னா தெரியுமா சார், பலகை ஆன்டெனா. எந்தப் பக்கம் காட்றியோ அந்தப் பக்கம் மொத்தத்தையும் இஸ்துகினு வந்துரும். மீனம்பாக்கத்துல பிளேன் எறங்குறது கூட இதுல தெரியும்."

"பிளேன் எல்லாம் வேண்டாம்ப்பா," என்றாள் சாவித்ரி. "இந்தக் கொம்பு வெச்சது ரெண்டு அலைவரிசையும் எடுக்குமா? கொம்பைக் கழட்டி வேற மாட்ட முடியுமா?"

"அல்லாம் பண்லாம் மேடம்."

"ஏன்னா, அந்தக் கொம்பு வெச்சதே போறும். பலகை ஒரு பக்கம் மட்டும்தான் பாக்கும். நமக்கு ரவுட்டர் கீழே இருக்கு."

தோத்தாத்ரி அதற்குள் பலகையைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டார். கனமான பொருள் நல்ல பொருள் என்பது அவர் கட்சி. பலகை வீட்டுக்கு வந்தது.

அடுத்தது மாட்டுகிற படலம். டப்பாவில் சின்ன சிடி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் சிடி போடுகிற வாயே இல்லை. தோத்தாத்ரி கடைக்காரனை ஒரு பாட்டம் திட்டினார். சாவித்ரி பேசாமல் தன் செல்போனை ஒயரால் கம்ப்யூட்டரில் சேர்த்து, போனின் இன்டர்நெட்டிலேயே அடாப்டரை இயக்குகிற டிரைவர் மென்பொருளைத் தேடி இறக்கினாள். அதை நிறுவியதும் அடாப்டரில் நீல விளக்கு எரிந்தது.

"பலகையை மாடிப்படி பக்கமா, கீழ பாத்து வெக்கணும்," என்றாள்.

"போடி. ஆன்டெனாவைப் போய் யாராவது வீட்டுக்குள்ள திருப்புவாளா? தூர்தர்ஷன் காலத்துலேர்ந்து நான் மாட்டாத ஆன்டெனாவா? ஆகாசத்தைப் பாத்துதான் இருக்கணும்."

நாற்காலி போட்டு ஏறி, ஜன்னல் கம்பியில் பிளாஸ்டிக் நாடாவால் பலகையைக் கட்டினார். முகம் வெளிப்பக்கம். ஜன்னலுக்கு வெளியே ஒரு காலி மனை, முட்செடி, அதற்கு அப்பால் பின் தெருவில் மஞ்சள் பெயின்ட் அடித்த மாடிக் கட்டடம். அதற்கும் அப்பால் ஏரி.

இறங்கி வந்து திரையைப் பார்த்தவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அவர் வீட்டு ரவுட்டர் என்னவோ ஒரு புள்ளியோடு கடைசியில் கிடந்தது. ஆனால் ஊரே வரிசை கட்டி நின்றது.

"பாத்தியோ. எதிராத்து சாமுண்டீஸ்வரி வீட்டுதுகூட வரது. இவன் பாரு, 'டோன்ட் டச்' னு பேர் வெச்சிருக்கான். யார் தொடப் போறா? இது மாவு மில் போலருக்கு. இது என்ன, தங்கப்பல்லி? நகைக்கடையா?"

சாவித்ரி கையில் இருந்த அடாப்டர் டப்பா நழுவியது.

ஆங்கில எழுத்தில் தெளிவாக இருந்தது. தங்கப்பல்லி. மூன்று புள்ளி சிக்னல்.

உலகத்தில் பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்று அலறுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். அதற்காகவே தோழிகள் சேர்ந்து தன் போனுக்குக் காஞ்சிபுரத்துத் தங்கப்பல்லியின் பெயரை வைத்துவிட, சிரித்துக்கொண்டே அதை மாற்றாமல் விட்டவள் ரோஹிணி ஒருத்திதான். அவள் தன் போனிலிருந்து பிறருக்கு இன்டர்நெட் கொடுத்தால் இந்தப் பெயரில்தான் வரும். போன வருஷம் திருநீர்மலையில் படியேறும்போது சாவித்ரியின் போனில் டேட்டா தீர்ந்துபோய், இதில்தான் சேர்ந்துகொண்டாள்.

"நான் பாத்துக்கறேன்னா. நீங்க குளிச்சுட்டு வாங்கோ. அவர் வரதுக்குள்ள."

தோத்தாத்ரி துண்டை எடுத்துக்கொண்டு போனார். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை சாவித்ரி அசையவில்லை.

வேறு யாராவது இதே பெயர் வைத்திருக்கலாம். வைக்கக்கூடாது என்று சட்டமா? அந்தப் பெயர் மேல் சொடுக்கினாள். பாஸ்வேர்டு கேட்டது. திருநீர்மலைப் படியில் ரோஹிணி சொன்னது நினைவிலிருந்தது. அந்தக் கோவில் பெருமாள் பெயர் நீர்வண்ணன், பின்னால் அவள் பிறந்த வருஷம். ஒரு தடவை தப்பாகிவிட்டது. மறுபடி அடித்தாள்.

இணைந்துவிட்டது.

சாவித்ரி ஜன்னலைப் பார்த்தாள். பலகை பார்த்துக்கொண்டிருந்த திசையில் காலி மனைக்கு அப்பால் அந்த மஞ்சள் கட்டடம். பெண்கள் தங்கும் ஹாஸ்டல். இரண்டாவது மாடியில் கொடியில் சுடிதார்கள் காய்ந்தன. புனேயில் இருக்க வேண்டிய போன் அங்கிருந்து பேசுகிறது. போன் அங்கே என்றால் பெண்?

திரையில் இணைப்பு பட்டென்று அறுந்தது. பெயரே வரிசையிலிருந்து காணாமல் போயிற்று.

அடுத்த நிமிஷம் அவள் செல்போன் அடித்தது.

"அம்மா." குசுகுசுவென்று வந்தது குரல். "யாரோ என் ஹாட்ஸ்பாட்ல சேர்ந்தா. தோத்தாத்ரி பிசின்னு பேர் வந்தது. நீயா? அப்பாவா?"

"நான்தான். எங்கடி இருக்கே?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

"ரோஹிணி, எனக்கு ஜன்னல்லேர்ந்து அந்தக் கட்டடம் தெரியறது. சொல்லு."

"ஈவ்லின் ரூம்ல. என்னோட காலேஜ்ல படிச்சாளே, அவ. போன வாரம் வந்தேன். இங்கேர்ந்தே ஆபீஸ் வேலை பாக்கறேன்."

"பின் தெருவுல இருந்துண்டு புனேல இருக்கறதா பேசினியா? ஆத்துக்கு வரத் தோணலையா?"

"தோணித்தும்மா. ஒருநாள் ராத்திரி நம்மாத்து வாசல் வரைக்கும் வந்தேன். அப்பா உள்ளேர்ந்து யார்கிட்டயோ மாப்பிள்ளையைப் பத்திப் பெருமை பேசிண்டிருந்தார். திரும்பிப் போயிட்டேன்."

சாவித்ரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றார் அவர்?"

"ஒண்ணும் பண்ணலை. பாத்துண்டே இருப்பார்." ரோஹிணி குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஆபீஸ் போனார்னா வீடியோ கால் போட்டு போனை நிக்க வெச்சுட்டுப் போவார். சாயங்காலம் வரைக்கும் ஆன்லயே இருக்கணும். சமைச்சாலும், தூங்கினாலும், என் மீட்டிங் நடந்தாலும். நெட் கட்டாச்சுன்னா பைக் எடுத்துண்டு வந்துடுவார். கரண்ட் போச்சும்மா, நான் வேணும்னு பண்ணலைம்மா. எத்தனை சொன்னாலும்..."

"கை வெச்சாரா?"

"அதை இப்போ கேக்காதே."

அந்தப் பதிலுக்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? வீடியோவில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

"நான் கிளம்பினது அவருக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லலை பாத்தியா? அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு. ஏன் சொல்லலை?"

"இன்னிக்கு இங்க வரார்டி. நாலு மணிக்கு."

அந்தப் பக்கம் லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு ரோஹிணி சொன்னாள், "அம்மா, அப்பாகிட்ட சொல்லிடாதே. அவருக்கு மறைக்கத் தெரியாது. முகத்துலயே எழுதி ஒட்டிப்பார்."

அதுவும் நிஜம். தோத்தாத்ரியிடம் ரகசியம் சொல்வதும் கோவில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

"ஹாட்ஸ்பாட்டை அணைச்சு வை. ஜன்னலைச் சாத்து. அவர் கிளம்பிப் போனதும் நானே வரேன்," என்றாள் சாவித்ரி. குளியலறைக் கதவு திறந்தது.

அவள் எழுந்து ஜன்னல் கம்பியிலிருந்த பலகையை உள்பக்கமாகத் திருப்பப் பார்த்தாள். நாடாவை மனுஷன் யானையைக் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தார். கத்தரிக்கோலைத் தேடி எடுத்து நாடாவை வெட்டுவதற்குள் நெற்றியில் திருமண்ணோடு அவரே வந்து நின்றார்.

"என்ன பண்றே? சிக்னல் போயிடும்டி."

"ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு ரோஹிணியைக் கூப்பிட வேண்டாமே. அவளுக்கு மீட்டிங் இருக்காம்."

"மாப்பிள்ளை கூப்பிட்டா மீட்டிங்கை விட்டுட்டு வருவா. அவருக்கு அவ மேல என்ன பாசம் தெரியுமா? ஆபீஸ்லேர்ந்து பகல் பூரா வீடியோல பாத்துண்டே இருப்பாராம். அவரே என்கிட்ட சொன்னார்."

சாவித்ரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். இதைத் தெரிந்துகொண்டு இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறார். இவரிடம் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது?

நாலு மணிக்கு முன்பே அழைப்பு மணி அடித்தது.

சூர்யநாராயணன் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தான். வாசலிலேயே விழுந்து சேவித்தான். மல்லிகைப் பூவும் மஞ்சள் வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தான். சாவித்ரி செய்த ரவா கிச்சடியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இப்படி ஒரு மாப்பிள்ளை நம் தெருவில் எந்த வீட்டுக்கு வந்தாலும் நாமும் வாயைப் பிளந்துதான் பார்த்திருப்போம். தோத்தாத்ரியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

சாப்பிடும்போது அவன் கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தது. கொடியில் காய்கிற துணியைப் பார்த்தது. அலம்பிக் கவிழ்த்த டம்ளர்களைக்கூட எண்ணுவதுபோல் பார்த்தது. ரோஹிணியின் பழைய அறைக்கதவு சாத்தியிருந்தது.

"அந்த ரூம்ல யாராவது இருக்காளா மாமி?"

"இல்லையே. பழைய பாய், தலகாணி."

"கை அலம்பிக்கறேன்," என்று எழுந்தவன் போகிற வழியில் அந்தக் கதவைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். தோத்தாத்ரி அதைக் கவனிக்கவில்லை. மாடி விஷயத்தை எப்போது ஆரம்பிக்கலாம் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, மேல வாங்கோ. ஒண்ணு காட்டறேன்."

சாவித்ரி அவர்களுக்குப் பின்னாலேயே ஏறினாள். கையில் காபி டம்ளரும் டபராவும். அணைத்திருப்பாளா? வேலை நடுவில் மறந்து மறுபடி போட்டுவிட்டால்? சொன்னால் கேட்கிற பெண்தான். ஆனாலும் ஆபீஸில் யாராவது அவசரமென்று கூப்பிட்டால்?

தோத்தாத்ரி வரிசையைத் திறந்தார். டோன்ட் டச் இருந்தது. மாவு மில் இருந்தது. சாமுண்டீஸ்வரி வீடு இருந்தது. சாவித்ரி மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடி கீழிருந்து மேலே பார்த்தாள். தங்கப்பல்லி இல்லை.

மூச்சு விட்டாள்.

"நன்னா பிடிக்கறது மாமா," என்றான் சூர்யநாராயணன். "ஆனா உங்க ரவுட்டரே வீக்கா வரதே. எங்க வெச்சிருக்கேள்?"

"கீழ பீரோல."

அவன் சிரிக்கவில்லை. அதுவே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "ரவுட்டர் கீழ இருக்கு, நீங்க ஆன்டெனாவை வெளில திருப்பி வெச்சிருக்கேளே. நான் சரி பண்ணித் தரேன். வேண்டாத பழைய நெட்வொர்க்கெல்லாம் இருந்தா அதையும் எடுத்துடலாம். தகராறு இல்லாம இருக்கும்."

"காபி ஆறிடும், முதல்ல சாப்பிடுங்கோ," என்றாள் சாவித்ரி.

"இருக்கட்டும் மாமி."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். விரல்கள் பழகிய இடத்துக்குப் போயின. இரண்டு சொடுக்கு. இந்த அடாப்டர் இதுவரை எதிலெதில் சேர்ந்தது என்று நினைவு வைத்திருக்கிற பட்டியல் திறந்தது.

அதில் இரண்டே பெயர். ஒன்று தோத்தாத்ரி வீடு. இன்னொன்று தங்கப்பல்லி.

சாவித்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. இணைப்பு அறுந்தாலும் அதன் பெயர் போகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அழித்தால்தான் போகும் என்று. அழிக்கத் தோன்றவில்லை.

சூர்யநாராயணன் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மாறவில்லை. காதோரத்தில் ஒரு நரம்பு மட்டும் எழும்பி அடங்கியது.

"மாமா, இந்த அடாப்டர் எப்போ வாங்கினேள்?"

"இன்னிக்குக் காத்தாலதான். தாம்பரத்துல. புத்தம் புதுசு. டப்பாவை நானே பிரிச்சேன்."

"இன்னிக்குத்தானா?"

"பில் காட்டட்டுமா?"

"வேண்டாம் மாமா."

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். பலகைக்கு நேர் பின்னால் தலையை வைத்து, அது பார்க்கிற பக்கத்தைப் பார்த்தான். காலி மனை, முட்செடி, மஞ்சள் கட்டடம். இரண்டாவது மாடியில் ஒரே ஒரு ஜன்னல் இந்தப் புழுக்கத்திலும் இறுக்கிச் சாத்தியிருந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஏதோ தட்டினான். பிறகு திரும்பி சாவித்ரியைப் பார்த்துச் சிரித்தான். வாசலில் சிரித்த அதே சிரிப்பு.

"அது என்ன பில்டிங் மாமா?"

"அதுவா, லேடீஸ் ஹாஸ்டல். நல்லவா நடத்தறா."

"ஏரி அந்தப் பக்கம்தானே? ஒரு நடை போயிட்டு வரேன். கிச்சடி கொஞ்சம் அதிகமாயிடுத்து."

"தனியா ஏன் போறேள்? நானும் வரேன், வழி காட்டறேன். குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, காலி மனை வழியா," என்றார் தோத்தாத்ரி. "இருங்கோ, வேஷ்டியை மாத்திண்டு வந்துடறேன்."

பெற்ற அப்பனே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடப் போகிறார். சாவித்ரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன ஆகும்? தோத்தாத்ரி நாலு கேள்வி கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இவன் காலி மனையைத் தாண்டியிருப்பான்.

"பேஷா போயிட்டு வாங்கோ," என்றாள். தன் குரல் அத்தனை சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "மாப்ளே, காபியை மட்டும் குடிச்சுடுங்கோ. இல்லேன்னா எனக்கு மனசு கேக்காது."

மாமியார் அப்படிச் சொன்ன பிறகு டம்ளரை எடுக்காமல் இருக்க முடியாது. எடுத்தான். சாவித்ரி மாடிப்படியில் இறங்கினாள். பாதி வரை நிதானமாக. பாதிக்கு மேல் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

வாசல் கிரில் கேட்டுக்குப் பூட்டும் சாவியும் ஆணியில் தொங்கின. கொல்லைக்கதவைப் போன மழைக்காலத்தில் உப்பிக்கொண்டதிலிருந்து யாருமே திறந்ததில்லை. வெளியே வந்து கிரில்லை இழுத்துப் பூட்டினாள். சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"சாவித்ரி, எதுக்குப் பூட்டறே?" உள்ளேயிருந்து தோத்தாத்ரி கேட்டார். ஒரு கையில் மடித்த வேஷ்டி.

அவள் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை படியிறங்கிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல். கையில் காபி டம்ளர்கூட இருந்தது.

எதிர் வீட்டு வாசலில் சாமுண்டீஸ்வரி நின்றிருந்தாள். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவள் மாமனார் நெல் விதைத்த நிலம். இப்போது நாலு வீட்டு வாடகை வருகிறது, பொழுதுதான் போகவில்லை. யார் வீட்டில் எத்தனை விசில் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னா மாமி, மாப்ள உள்ள இருக்க சொல்ல பூட்டிகினு கெளம்பிட்டீங்க?"

எப்போதும் சாமுண்டீஸ்வரிக்கு சாவித்ரி பட்டும் படாமலும்தான் பதில் சொல்வாள். நம் வீட்டு விஷயம் தெருவுக்கு வரக்கூடாது என்று வந்த நாள் முதல் பார்த்துப் பார்த்து இருந்தவள். இன்று சாவித்ரி நின்றாள். உள்ளே இருக்கிறவர்களுக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என் பொண்ணு ரோஹிணி பின் தெரு ஹாஸ்டல்ல இருக்கா. புருஷன் கொடுமை தாங்காம ஓடி வந்திருக்கா. அவளைக் கூட்டிண்டு வரப் போறேன். நான் வர வரைக்கும் இந்தப் பூட்டை யாரும் உடைக்காம பாத்துக்கோங்கோ."

கிரில்லுக்குள் தோத்தாத்ரியின் கையிலிருந்த வேஷ்டி தரையில் விழுந்தது.

சாமுண்டீஸ்வரி இப்படி ஒரு சமாச்சாரம் முழுசாக, தானாக, வாசல் தேடி வந்து விழும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. படியிறங்கி வந்து சாவித்ரியின் கையைப் பிடித்தாள்.

"பூட்ட நான் பாத்துக்கறேன் மாமி. ஆனா மாப்ள கூட இன்னொரு ஆளும் வந்தாரே, உனுக்குத் தெரியாதா? வந்ததுலேர்ந்து கார முக்குலயே நிறுத்தி வெச்சிகினு குந்திகினு இருந்தாரு. இப்பதான் போன்ல ஏதோ வந்துச்சு, பாத்தாரு. வண்டிய எடுத்துகினு பின்தெரு பக்கம் திரும்பிட்டாரே."

சாவித்ரி திரும்பி கிரில்லைப் பார்த்தாள். உள்ளே சூர்யநாராயணன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தான்.

அவள் செருப்பைத் தேடவில்லை. வீட்டுப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போய், காலி மனையின் முட்செடிக்குள் இறங்கி ஓடத் தொடங்கினாள்.